தானாக முளைக்கும் மணத்தக்காளி: அடையாளம் பார்ப்பது, பறிப்பது, பயமில்லாமல் சாப்பிடுவது

ஐப்பசியில் இரண்டு மழை நன்றாகப் பிடித்துவிட்டால் போதும், கடலூர், புதுச்சேரிப் பக்கம் யாரும் விதைக்காமலே மணத்தக்காளி முளைத்துவிடும். கிணற்றடி, சாமான் கழுவும் தண்ணீர் போகிற இடம், மாட்டுக்கொட்டகைச் சுவரோரம், மொட்டைமாடித் தொட்டியில் ரோஜாவுக்குப் பக்கத்தில், எங்கே கொஞ்சம் ஈரமும் எருவும் இருக்கிறதோ அங்கே வரும். சிலர் வீட்டில் இதை மிளகுத்தக்காளி என்பார்கள், கோயம்புத்தூர்ப் பக்கம் போனால் சுக்குட்டிக்கீரை என்பார்கள், எல்லாம் ஒன்றுதான்.

போன கார்த்திகையில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு தம்பி, வீட்டு வாசலில் இடுப்பளவு வளர்ந்து நிறையக் காய்த்திருந்த செடியை வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டார். ஏன் தம்பி என்று கேட்டால், "விஷச்செடியாம்க்கா, போன்ல படம் எடுத்துத் தேடிப் பார்த்தேன், நைட்ஷேட்னு வருது, பத்துப் பழம் தின்னா ஆள் காலின்னு போட்டிருக்கு, வீட்ல சின்னப் பையன் இருக்கான்" என்றார். அவர் பயந்ததில் தப்பே இல்லை, குழந்தை இருக்கிற வீட்டில் அப்படித்தான் பயப்பட வேண்டும். ஆனால் அவர் படித்தது வேறு செடியைப் பற்றி. அதே சமயம் "நம்ம கீரைதானே, ஒன்றும் பண்ணாது" என்று பச்சைக்காயைக் குழந்தை கையில் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் தப்பு. இரண்டு பக்கத்தையும் சேர்த்து எழுதிவைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தை முடித்துவிடுவோம். நைட்ஷேட் என்பது ஒரு செடியின் பெயர் இல்லை, ஒரு குடும்பத்துக்கே சொல்கிற பெயர். கத்திரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை, சுண்டை, தூதுவளை, கண்டங்கத்திரி, அமுக்கரா, ஊமத்தை எல்லாமே அந்தக் குடும்பம்தான். ஆளைக் கொல்கிற செடி என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவது பெல்லடோனாவை. அது ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வளர்வது, அதன் நெருங்கிய சொந்தம் ஒன்று இமயமலைப் பக்கம் இருக்கிறது. நம் கடற்கரைச் சூட்டில் தெருவோரம் தானாக முளைக்கிற செடி இல்லை அது. அதன் பூ மணி மாதிரி தொங்கும், மங்கிய ஊதா நிறம், இலைக் கக்கத்தில் ஒற்றையாக வரும், பழம் செர்ரி அளவுக்குப் பெரிதாக, ஐந்து பெரிய பச்சை இதழ்கள் விரிந்த தட்டில் வைத்த மாதிரி ஒற்றையாக உட்கார்ந்திருக்கும். மணத்தக்காளியில் இதில் ஒன்றுகூடக் கிடையாது.

மணத்தக்காளியிலும் ஒரே வகை இல்லை. நம் ஊரில் எல்லாவற்றையும் சேர்த்து சொலானம் நைக்ரம் என்றே புத்தகங்களில் எழுதிவைத்திருக்கிறார்கள், 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர் அது. உண்மையில் மூன்று நெருங்கிய இனங்கள் கலந்து கிடக்கின்றன. நைக்ரம் கொஞ்சம் முரட்டுச் செடி, பழம் பளபளப்பில்லாத கறுப்பு. அமெரிக்கானம் என்பது மெல்லிய செடி, பழம் சின்னதாக, எண்ணெய் தடவியது போல மின்னும் கறுப்பு. வில்லோசம் என்பதில் பழம் ஆரஞ்சும் சிவப்புமாகப் பழுக்கும், அதைப் பார்த்துவிட்டு "இது காட்டு வகை, ஆகாது" என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஒதுக்க வேண்டாம், அதுவும் தின்கிற மணத்தக்காளிதான்.

அடையாளம் பார்ப்பது

இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். நான் வைத்திருக்கிற ஒரே விதி: பூவோ காயோ கண்ணால் பார்க்காமல் ஒரு இலையும் பறிப்பதில்லை. இலையை மட்டும் பார்த்து முடிவு செய்கிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் இந்தக் குடும்பத்தில் நாற்றுப் பருவத்தில் பாதிச் செடி ஒன்றுபோலத்தான் இருக்கும்.

செடி முழங்காலிலிருந்து இடுப்பு வரை வளரும், நிறையக் கிளைக்கும், முள் கிடையாது (முள் இருந்தால் தூதுவளையோ கண்டங்கத்திரியோ, அது வேறு கதை). இலை மிளகாய் இலையைவிட அகலம், நுனி கூராக, ஓரம் சிலதில் சீராகவும் சிலதில் லேசாக அலை அலையாகவும் இருக்கும். கசக்கினால் தக்காளிச் செடியைத் தொட்ட கை மாதிரி ஒரு பச்சை வாசனை வரும். பூ சின்னது, வெள்ளை, ஐந்து இதழ் நட்சத்திரம், இதழ்கள் பின்பக்கமாக மடங்கியிருக்கும், நடுவில் மஞ்சளாக ஒரு கூம்பு துருத்திக்கொண்டிருக்கும். மிளகாய்ப் பூவும் வெள்ளைதான், ஆனால் அது பெரும்பாலும் கவையில் ஒற்றையாக வரும். மணத்தக்காளி நாலைந்து பூவாகக் கொத்தாக, ஒரே காம்பின் நுனியிலிருந்து குடைக்கம்பி மாதிரி பிரிந்து தொங்கும்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தப் பூக்கொத்தின் காம்பு எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். இலைக் கக்கத்திலிருந்து வராது, ஒரு இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவில் வெறும் தண்டிலிருந்து பக்கவாட்டில் கிளம்பும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு மறக்காது. காய் மிளகை விடக் கொஞ்சம் பெரிது, சுண்டைக்காயை விடச் சிறிது. பச்சையாக இருந்து, பழுத்தால் கறுப்பாகவோ சிவப்பாகவோ மாறும். பழத்தைப் பிதுக்கினால் தக்காளி மாதிரியே சாறும் பொடி விதைகளும் வரும்.

எதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்றால், நம் ஊரில் அது ஊமத்தைதான். பெல்லடோனாவுக்குப் பயப்பட வேண்டாம், ஊமத்தைக்குப் பயப்படுங்கள். திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயிலைச் சுற்றி மட்டும் இல்லை, சிவன் கோயில் இருக்கிற எந்த ஊரிலும் பூசைக்கென்று வீட்டில் ஊமத்தை வைத்திருப்பவர்கள் உண்டு, அதன் காய் வெடித்தால் விதை சுற்றிலும் விழுந்து, மணத்தக்காளி முளைக்கிற அதே மழையில் அதுவும் முளைக்கும். வளர்ந்த பிறகு யாரும் குழம்ப மாட்டார்கள், பூ ஊதுகுழல் மாதிரி நீளம், காய் முள் உருண்டை. குழப்பம் ஒரு சாண் உயரத்தில் கீரையோடு கீரையாக அரியும்போதுதான். ஊமத்தை இலையைக் கசக்கினால் குமட்டுகிற நாற்றம் வரும், இலையும் அதே வயதுச் செடியை ஒப்பிட்டால் பெரிதாகத் தடிமனாக இருக்கும். சந்தேகம் இருந்தால் பறிக்காமல் விட்டுவிடுங்கள், இரண்டு வாரம் பொறுத்தால் பூ வந்து தானே சொல்லிவிடும்.

சொடக்குத் தக்காளியும் கூடவே முளைக்கும். அதன் காய் காகிதப் பை மாதிரி ஒரு உறைக்குள் இருக்கும், நெற்றியில் அடித்தால் சொடக்கென்று வெடிக்கும், நம்மில் பாதிப் பேர் சின்ன வயதில் அடித்து விளையாடியிருப்போம். அதுவும் காயாகத் தின்னக்கூடாது.

விஷம் எங்கே இருக்கிறது

எனக்கு எட்டு வயதிருக்கும். பாகூர்ப் பக்கத்தில் எங்கள் அம்மா ஊரில், மாமா பையன்களோடு பந்தயம் கட்டி ஒரு கை நிறையப் பச்சைக்காயை வாயில் போட்டு மென்றேன். தொண்டை எரிந்தது. ராத்திரி இரண்டு முறை வாந்தி, வயிற்றுவலி, விடிந்த பிறகுதான் அடங்கியது. ஆயா அன்றைக்குச் சொன்னது: "கருத்தது வாய்க்கு, பச்சை வத்தலுக்கு. இதுகூடத் தெரியாதா?" அவ்வளவுதான் சொன்னார்கள். ரொம்ப வருஷம் கழித்துப் படித்துப் பார்த்தபோது அந்த ஒரு வரியில் பெரும்பகுதி அடங்கிவிட்டது என்று தெரிந்தது.

இந்தச் செடியில் சோலானின், சோலசோனின், சோலமார்ஜின் என்று சில கசப்புப் பொருட்கள் இருக்கின்றன. பூச்சியும் ஆடுமாடும் தின்றுவிடாமல் இருக்கச் செடி தனக்காகச் செய்துகொள்வது. பச்சைக்காயில்தான் இவை அதிகம், பழுக்கப் பழுக்கக் குறையும். வெயில் பட்டுப் பச்சை படர்ந்த உருளைக்கிழங்கைத் தின்னாதே என்று சொல்கிறார்களே, அதற்கும் காரணம் இதே சோலானின்தான், ஒரு கிலோ உருளைக்கிழங்கில் 200 மில்லிகிராமுக்கு மேல் இவை இருக்கக்கூடாது என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். மணத்தக்காளிக்கு அப்படி ஓர் அளவு சொல்ல முடியாது, செடிக்குச் செடி, மண்ணுக்கு மண், இளசுக்கும் முற்றலுக்கும் மாறும். அதனால் நாக்கைத்தான் நம்ப வேண்டும். லேசான கசப்பு இந்தக் கீரையின் குணம். நாக்கில் பட்டதும் முகம் சுளிக்கிற கசப்பு, தொண்டையில் எரிச்சல் என்றால் துப்பிவிடுங்கள், அந்தச் செடி வேண்டாம்.

வேகவைத்தால் போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. அடுப்பில் நாம் கொடுக்கிற கொதிசூட்டுக்கெல்லாம் சோலானின் அழிவதில்லை. ஆனால் கொஞ்சம் தண்ணீரில் இறங்கும், அதனால் முற்றிய கீரை, கசப்புக் கூடிய கீரை என்றால் ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைப்பது நல்லது. கென்யாவில் மனாகு என்று இதே கீரையைச் சந்தையில் கட்டுக் கட்டாக விற்கிறார்கள், கிரீஸ் நாட்டில் கிரீட் தீவில் வேகவைத்து எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். நாம் மட்டும் தின்கிற விசித்திரம் இல்லை இது.

குருவி தின்கிறது, மைனா கொத்துகிறது, அதனால் நமக்கும் ஆகும் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். நமக்கு ஆகாத எத்தனையோ பழத்தைப் பறவை தின்னும், அதன் உடம்பு வேறு.

யாராவது பச்சைக்காயை நிறையத் தின்றுவிட்டால் உடனே தெரியாமல் போகலாம், சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, வயிற்றுவலி, பேதி, தலைவலி, சோர்வு என்று வரும். குழந்தையாக இருந்தால் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத்தண்ணீர் புகட்டாதீர்கள். வாயைத் துடைத்துவிட்டு, தின்ற செடியின் ஒரு கொப்பைக் காயோடு ஒடித்துக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள் (இது முக்கியம், என்ன செடி என்று பார்த்தால்தான் டாக்டருக்கு வேலை சுலபம்). வண்டி இல்லையென்றால் 108. புதுச்சேரிக்காரர்களுக்குக் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை. வாய் வறண்டு, கண்ணின் கருமணி விரிந்து, உடம்பு கொதித்து, நெஞ்சு படபடத்து, சம்பந்தமில்லாமல் உளறினால் அது மணத்தக்காளி இல்லை, ஊமத்தையின் வேலை. ஒரு நிமிடம்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

எங்கே பறிக்கக்கூடாது

செடி நல்லதாக இருந்தும் இடம் கெட்டதாக இருக்கலாம். கரும்புக் கொல்லை வரப்பிலும் முந்திரித் தோப்பிலும் செழிப்பாக நிற்கும், ஆனால் அங்கே களைக்கொல்லி அடித்திருப்பார்களா என்று கொல்லைக்காரரைக் கேட்காமல் தொடாதீர்கள். தொழிற்பேட்டைக் கழிவு வாய்க்கால், சாக்கடை ஓரம், பெரிய ரோட்டு ஓரம், இங்கெல்லாம் வேண்டாம், கீரை மண்ணில் இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும், கழுவினால் அது போகாது. நம் வீட்டுக் கொல்லையில், நாய் அசுத்தம் பண்ணாத மூலையில் வந்ததுதான் முதல் தரம். அது இல்லாவிட்டால் உழவர் சந்தையிலோ புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலோ கட்டாக வாங்கிக்கொள்ளலாம்.

கீரை சமைப்பது

இளங்கொழுந்தையும் நடு இலையையும் மட்டும் கிள்ளுங்கள், அடியில் மஞ்சளடித்த இலை, சல்லடை மாதிரி அரித்துக்கிடக்கிற இலை வேண்டாம். அரிப்பது பெரும்பாலும் கத்திரிச் செடியைத் தின்கிற அதே புள்ளி வண்டு, அதன் மஞ்சள் முள்புழு இலையின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும், திருப்பிப் பார்த்துக் கழுவுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு விதமாகத்தான் செய்வோம். பாசிப்பருப்பைக் குழையாமல் வேகவைத்து, அரிந்த கீரை, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு, வெந்ததும் தேங்காயும் சீரகமும் அரைத்துச் சேர்த்துக் கடுகு தாளித்துக் கூட்டு. இன்னொன்று தேங்காய்ப்பால் சாறு: நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் நாலு பல் பூண்டும் வதக்கி, கீரையைப் போட்டுச் சுருள விட்டு, அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரை ஊற்றிக் கொதித்ததும் உப்புப் போட்டு அடுப்பை அணைத்துவிட்டு, பிறகு ஒரு டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால். பால் ஊற்றிய பிறகு கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். இந்தச் சாறைச் சோற்றில் குழைத்துச் சாப்பிட்டால் கசப்பே தெரியாது, கீரை தின்னாத பிள்ளைகளும் சாப்பிடும்.

வாய்ப்புண்ணுக்கு இந்தக் கீரையை எல்லா வீட்டிலும் கொடுப்பார்கள். எனக்கும் ஆறுகிறது, அதனால் நானும் செய்கிறேன். ஆனால் பச்சை இலையை மிக்ஸியில் அடித்துச் சாறு பிழிந்து தினம் காலையில் ஒரு டம்ளர் குடிக்கச் சொல்கிறார்களே, அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சமைத்த கீரையைச் சாப்பாட்டோடு சாப்பிடுவது வேறு, ஒரு கட்டுப் பச்சைக்கீரையின் சாற்றை வெறும் வயிற்றில் இறக்குவது வேறு. மஞ்சள் காமாலை, ஈரல் கோளாறு என்று இருப்பவர்கள் இதை நம்பி டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தவே கூடாது. கர்ப்பிணிகள் கேட்டால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கூட்டாக எப்போதாவது சாப்பிடுங்கள், சாறு வேண்டாம் என்பேன். இரண்டு மூன்று வாரம் ஆறாத வாய்ப்புண் என்றால் கீரையைத் தேடாதீர்கள், வாயைக் காட்டுங்கள், புகையிலை போடுகிறவர்கள் அவசியம் காட்டுங்கள்.

வத்தல்

பச்சைக்காய் ஆகாது என்றால் வத்தலுக்குப் பச்சைக்காய்தானே போடுகிறோம் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. மோரில் ஊறினால் விஷம் முறிந்துவிடும் என்று சொல்வார்கள், அதை முழுதாக நம்ப வேண்டாம். ஊறவைத்த மோரையே திரும்பத் திரும்பக் காய்க்குள் ஏற்றுகிறோம், கசப்பு மிச்சம் இருக்கிறவரை அந்தப் பொருளும் மிச்சம் இருக்கிறது. நம்மைக் காப்பாற்றுவது அளவு. ஐந்து பேர் சாப்பிடுகிற குழம்பில் இரண்டு ஸ்பூன் வத்தல் போகிறது, ஒருவர் இலையில் பத்துப் பதினைந்து காய் விழும், அது போதும். முறுக்கு மாதிரி கிண்ணத்தில் வைத்து வறுத்துக் கொறிக்கிற பண்டம் இல்லை. ஆயா "பச்சை வத்தலுக்கு" என்றதை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

காயைப் பொறுக்கும்போது கடுகு கடுகாக இருக்கிற பிஞ்சை விட்டுவிட்டு, நன்றாகப் பருத்து, பச்சை கொஞ்சம் வெளிற ஆரம்பித்த காயாக எடுங்கள். கொத்தில் ஒன்றிரண்டு கறுக்கத் தொடங்கியிருந்தால் மற்றதும் முற்றிவிட்டது என்று அர்த்தம். ஒரு கிலோ காய்க்கு நூறு கிராம் கல்லுப்பு, அரை லிட்டர் புளித்த கெட்டி மோர். காம்பு நீக்கிக் கழுவி, அம்மியிலோ டம்ளர் அடியாலோ ஒரு தட்டுத் தட்டுங்கள், வாய் பிளந்தால் போதும், நசுங்கி விதை கொட்டிவிடக் கூடாது. தட்டாமல் போட்டால் மோர் உள்ளே ஏறாது, காய் உருண்டையாகவே காய்ந்து நடுவில் பூசணம் பிடிக்கும்.

ராத்திரி முழுக்க மோரில் ஊறட்டும். காலையில் வடித்துத் தட்டில் பரப்பி வெயிலில் வையுங்கள், மோரையும் மூடிப் பத்திரமாக வையுங்கள். சாயந்திரம் காயை எடுத்து மறுபடி அதே மோரில் போடுங்கள். மோர் முழுக்க இழுத்துக்கொள்ளும்வரை மூன்று நாளோ நாலு நாளோ இப்படியே. அப்புறம் வெறும் வெயில், கையில் எடுத்துக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும்வரை.

வடகிழக்குப் பருவமழை நேரத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள். காய் அப்போதுதான் கொட்டிக் கிடக்கும், ஆசையாக இருக்கும், ஆனால் நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை வெயிலை நம்பினால் மூன்றாம் நாளே நூலோடி நாறிவிடும், நான் ஒருமுறை இரண்டு கிலோ காயை அப்படிக் கொட்டியிருக்கிறேன். மழைக்காலத்தில் கீரையாகச் சாப்பிடுங்கள். வத்தலுக்குத் தை கடைசியிலிருந்து பங்குனி வரை காய்க்கிற காய்தான் சரி. கடற்கரை ஊரில் காற்றிலேயே உப்பும் ஈரமும் இருப்பதால் ஜாடியில் போட்ட பிறகும் மாதம் ஒருமுறை எடுத்து ஒரு வெயில் காட்டவேண்டும்.

குழம்பில் போடும்போது கடைசியில் நல்லெண்ணெயில் மிதமான தீயில் வறுத்து மேலே கொட்டுங்கள். கருகிவிட்டால் அந்தக் கசப்பு குழம்பு முழுக்க இறங்கும், பிறகு எவ்வளவு வெல்லம் போட்டாலும் சரியாகாது.

பழம், விதை

நன்றாகக் கறுத்த (அல்லது சிவந்த), தொட்டால் கையோடு வருகிற பழத்தைச் சமைக்காமல் அப்படியே தின்னலாம். லேசான இனிப்பும் புளிப்புமாக இருக்கும். குழந்தைகளுக்கு நான்கைந்து போதும், பெரியவர் கையால் பொறுக்கிக் கொடுங்கள். அவர்களாகவே செடிக்குப் போய்ப் பறித்துத் தின்னும் பழக்கத்தை, எது பழம் எது காய் என்று சொல்லத் தெரிகிற வயது வரை வைக்காதீர்கள். பக்கத்தில் ஊமத்தையும் நிற்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

விதை எடுப்பதற்கு நாலு பழத்தைத் தண்ணீரில் பிதுக்கி, அடியில் தங்குகிற விதையை வடிகட்டி நிழலில் காயவைத்து, கொஞ்சம் சாம்பலோ மணலோ கலந்து தொட்டியில் தூவினால் போதும், ஆழமாகப் புதைக்க வேண்டாம். மூன்று நாலு வாரத்தில் நாற்றைப் பிரித்து ஒரு முழ இடைவெளியில் நடலாம். நட்டு ஒன்றரை மாதத்திலிருந்து கொழுந்து கிள்ளலாம், கிள்ளக் கிள்ளக் கிளைக்கும். கத்திரிச் செடிக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், அந்தப் புள்ளி வண்டு இரண்டையும் சேர்த்து முடித்துவிடும். வாசலில் செடியைப் பிடுங்கிய தம்பி வீட்டுக்கு இந்த மார்கழியில் நான் கொடுத்த ஆறு நாற்றும் பிழைத்துவிட்டது, போன வாரம் முதல் கொத்து கறுத்திருக்கிறது என்று போட்டோ அனுப்பியிருந்தார். பறிப்பதற்கு முன்னால் பூவைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.